நிதி கம்பெனி டைரக்டரை ரிசர்வ் பேங்க் தூக்குமா? இல்லேன்னா யாருகிட்ட போகணும்?

உசிலை_ராசு

அண்ணன்மாரு அக்காமாரு எல்லாருக்கும் வணக்கம். இங்க பேங்க்குல இருக்கவங்க, ஆடிட்டு, கோர்ட்டு தெரிஞ்சவங்க நெறைய பேரு இருக்கீங்க, அதான் நேரா கேட்டுர்றேன். எங்க சின்னம்மா உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நிதி கம்பெனில காடு வித்த காசை டெபாசிட்டு போட்டு வச்சிருக்காக. கம்பெனி பேரு வேணாம், போர்டுல கடைசில "நிதி லிமிடெட்"னு இருக்கு. வட்டி மாசாமாசம் டாண்ணு வந்துக்கிட்டு இருந்துச்சு, இப்ப கொஞ்ச மாசமா "அடுத்த வாரம் வாங்கம்மா"ன்னு இழுக்குறாய்ங்க.

விசாரிச்சா அதுல ஒரு டைரக்டரு, முன்னாடி வேற ஒரு ஃபைனான்ஸ் நடத்தி மூடிட்டு வந்தவராம், இங்கயும் சொந்தக்காரங்க பேருல லோனு எழுதி எடுத்துருக்காருன்னு ஊரே பேசுது. டெபாசிட்டு பிடிச்ச ஏஜெண்டு என்னடான்னா "இது ரிசர்வ் பேங்க் கண்ட்ரோல்ல இருக்குத்தா, பயப்படாத"ங்குறான். எங்க மச்சான் ஒருத்தன், பம்பாய்ல ஒரு பேங்க் போர்டையே ரிசர்வ் பேங்க் ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்புச்சுல்ல, ஒரு பெட்டிசன் தட்டிவிடு இந்த ஆளையும் தூக்கிருவாங்கன்னான், சரின்னு ரிசர்வ் பேங்க் போர்ட்டல்ல போட்டேன், இந்த கம்பெனி எங்க கீழ வராதுன்னு பதில் வந்துருச்சு.

இப்ப என் சந்தேகம் என்னன்னா ரிசர்வ் பேங்க் இல்லேன்னா வேற யாரு, ஒரு தனி ஆளைப் பாத்து "நீ லாயக்கில்ல, எந்திரி"ன்னு சொல்ற சட்டம் நெசமாவே இருக்கா, அப்படித் தூக்குனா போட்ட காசு என்னாகும். கம்ப்ளெயிண்ட் குடுத்தா கடையவே சாத்திருவாங்க, இருக்குறதும் போயிரும்னு சின்னம்மா அழுகுறாக, எனக்கு அதுதான் ரொம்ப இடிக்குது.

சிம்மக்கல்_சிஎஸ்

தம்பி, நான் கம்பெனி செகரட்டரியா இருக்கேன், நிதி ஃபைலிங்கும் பாத்துருக்கேன், அதனால உங்க கேஸுக்கு மட்டும் சொல்றேன், பேங்க் விஷயம் மத்தவங்க சொல்லட்டும்.

முதல்ல அந்த ஏஜெண்டு சொன்னது பொய். நிதி கம்பெனி கம்பெனிச் சட்டம் 406ஆம் பிரிவுலயும் 2014 நிதி விதிகள்லயும் வருது, அதோட மேலதிகாரி டெல்லில இருக்க கார்ப்பரேட் விவகார அமைச்சகம். ரிசர்வ் பேங்க் லைசென்ஸும் இல்ல, டெபாசிட் இன்சூரன்ஸ் 5 லட்சம்ங்குறாங்களே அதுவும் கிடையாது. உறுப்பினர்கிட்ட மட்டும்தான் டெபாசிட் வாங்கணும், டெபாசிட் கேட்டு விளம்பரம் பண்ணக் கூடாது, டெபாசிட் பிடிச்சுக் குடுக்க கமிஷன் குடுக்கக் கூடாது. அப்பன்னா உங்க ஊருல ஏஜெண்டுன்னு ஒருத்தன் சுத்துறதே விதிமீறல், இதை நீங்க குடுக்கப் போற மனுல மறக்காம எழுதுங்க, சும்மா ஊர் பேசுதுன்னு எழுதுறதை விட இது ஆயிரம் மடங்கு வெயிட்டு.

அடுத்து அந்த ஆளைத் தூக்குறது. 2022ல விதியைத் திருத்துனப்ப நிதி ஆரம்பிக்கிற டைரக்டருங்க ஃபிட் அண்ட் ப்ராப்பரா இருக்கணும், அதாவது நாணயம், நல்ல பேரு, நேர்மை எல்லாம் இருக்கணும்னு கொண்டு வந்தாங்க. ஆனா "இந்த ஆளு நாணயமில்ல, தூக்கு"ன்னு அமைச்சகம் ஒத்தை ஆளைப் புடிச்சு இழுக்குறது நிதில நடக்குற காரியம் இல்ல. அங்க இருக்கிறது வேற ஆயுதம். விதியை மீறுன நிதிக்கு, விளக்கம் கேட்டுட்டு, சென்னையில இருக்க ரீஜினல் டைரக்டர் ஒரு ஸ்பெஷல் ஆபீசரைப் போட்டு நிர்வாகத்தையே கையில எடுக்கலாம், 23ஆம் விதின்னு பாருங்க. அந்த டைரக்டர் பேருல தனியா ஆர்டர் வராது, ஆனா சாவி அவரு கையில இருக்காது.

இன்னொன்னு, இதுதான் உங்க சின்னம்மாவுக்கு நேரடியா பொருந்துறது. கம்பெனிச் சட்டம் 164(2). ஒரு கம்பெனி வாங்குன டெபாசிட்டையோ அதுக்கு வட்டியையோ குடுக்காம ஒரு வருஷம் இழுத்துருச்சுன்னா அதோட டைரக்டருங்க அஞ்சு வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலயும் டைரக்டராக முடியாது. மூணு வருஷம் தொடர்ந்து கணக்கு ஃபைல் பண்ணலேன்னாலும் இதே கதிதான். இது யாரும் மனு குடுத்து வர்ற தண்டனை இல்ல, சட்டப்படி தானா விழுகுறது. 2017ல இதை வச்சுத்தான் நாடு முழுக்க 3 லட்சம் டைரக்டருக்கு மேல ஒரே மூச்சுல தகுதி நீக்கம் பண்ணாங்க, சும்மா பேருக்கு மச்சினன் கம்பெனில கையெழுத்துப் போட்டவன் எல்லாம் மாட்டுனான், எங்க ஆபீஸ் போனு அந்த மாசம் ஓயவே இல்ல.

இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. அமைச்சகத்தோட வெப்சைட்டுல கம்பெனி பேரைப் போட்டா மாஸ்டர் டேட்டா வரும், காசு கட்ட வேண்டியதில்ல. கடைசியா எந்த வருஷக் கணக்கு ஃபைல் ஆயிருக்கு, டைரக்டருங்க யாரு, அவங்க வேற எந்தக் கம்பெனில இருக்காங்க, எல்லாம் கிடைக்கும். அந்த ஆளு முன்னாடி நடத்துன ஃபைனான்ஸ் கம்பெனியா பதிவாகியிருந்தா அதுவும் அங்க சிக்கும். முக்கியமா நிதின்னு அரசாங்கம் அறிவிச்சதா, இல்ல எங்களை நிதின்னு அறிவிங்கன்னு கேக்குற என்டிஹெச்-4 ஃபாரம் போட்டு நிராகரிச்சதான்னு பாருங்க. 2021 ஆகஸ்ட் வரைக்கும் அந்த ஃபாரம் போட்ட 348 கம்பெனில ஒண்ணு கூட தேறலன்னு அமைச்சகமே அறிக்கை விட்டுச்சு. பேருல நிதி இருக்கதுக்கும் நிதியா இருக்கதுக்கும் ரொம்பத் தூரம் தம்பி.

கூடல்நகர்_கேஷியர்

சிஎஸ் மேடம் சொன்னது சரி. நான் தனியார் பேங்க்குல இருந்து ரிட்டையர்டு. ராசு கேட்ட "தனி ஆளைத் தூக்குற சட்டம் இருக்கா"ங்குறதுக்கு வர்றேன், இது உங்க நிதிக்குப் பொருந்தாது, ஆனா கேள்வி நல்ல கேள்வி.

பேங்க்குக்கு இருக்கு. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 36ஏஏ. சேர்மன், டைரக்டர், சிஇஓ மட்டும் இல்ல, சாதாரண ஆபீசர், எம்ப்ளாயி வரைக்கும் ரிசர்வ் பேங்க் ஆர்டர் போட்டு நீக்கலாம். டெபாசிட் போட்டவங்களுக்குக் கெடுதல் வராம தடுக்கணும், இல்ல நிர்வாகம் ஒழுங்கா நடக்கணும், இல்ல பொதுநலன், இதுல ஒண்ணு இருந்தாப் போதும், காரணத்தை எழுத்துல பதியணும். அந்த ஆளுகிட்ட விளக்கம் கேக்கணும், ஆனா கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்குள்ள பேங்க்கைக் காலி பண்ணிருவான்னு தோணுச்சுன்னா விளக்கம் வர்ற வரைக்கும் நீ நாற்காலில உக்காரவே கூடாதுன்னு அன்னைக்கே நிறுத்தலாம். நீக்குன ஆளு அஞ்சு வருஷம் வரைக்கும் எந்த பேங்க் நிர்வாகத்துலயும் தலையிடக் கூடாதுன்னு ஆர்டர்ல போடலாம், வேலை போச்சேன்னு நஷ்டஈடும் கேக்க முடியாது. 30 நாளைக்குள்ள மத்திய அரசுகிட்ட அப்பீல் போகலாம், அவங்க சொல்றதுதான் முடிவு. இதெல்லாம் 1963ல சேத்த பிரிவு, 1960ல கேரளாவுல பாலாய் சென்ட்ரல் பேங்க் கவுந்து சனம் தெருவுல நின்ன பெறவுதான் ரிசர்வ் பேங்க்குக்கு வரிசையா இப்படிப் பல்லு முளைச்சுச்சு.

ஆனா நான் சர்வீஸ்ல பாத்த வரைக்கும் இந்தப் பிரிவை எடுத்து ஆளைப் பேரு சொல்லி அடிக்கிறது ரொம்ப அபூர்வம். ரிசர்வ் பேங்க் ஸ்டைலே வேற. 35பின்னு ஒண்ணு இருக்கு, எம்டியைப் போடவும், திரும்பப் போடவும், நீக்கவும் ரிசர்வ் பேங்க் முன் அனுமதி வேணும். அதுல கையெழுத்துப் போடாம விட்டாப் போதும், சத்தமில்லாம கதை முடிஞ்சுரும். எஸ் பேங்க் ராணா கபூருக்கு 2018ல ஷேர்ஹோல்டருங்க இன்னும் மூணு வருஷம் இருங்கன்னு ஓட்டுப் போட்டாங்க, ரிசர்வ் பேங்க் 2019 ஜனவரி 31ஓட கெளம்புன்னுருச்சு. இண்டஸ்இண்ட் பேங்க்குல சிஇஓவுக்கு போர்டு மூணு வருஷம் கேட்டுச்சு, 2025 மார்ச்சுல ரிசர்வ் பேங்க் ஒரே ஒரு வருஷம் குடுத்துச்சு, விவரம் தெரிஞ்சவனுக்கு அதுவே போதும், அடுத்த சில நாள்ல டெரிவேட்டிவ் கணக்குல ஓட்டைன்னு வெளிய வந்துச்சு, ஏப்ரல் கடைசில சிஇஓ ராஜினாமா. ரெண்டுலயும் "நீக்கினோம்"ங்குற வார்த்தையே எங்கயும் இருக்காது பாருங்க.

சில சமயம் ஷேர்ஹோல்டரே வேலைய முடிச்சுர்றாங்க. நம்ம கரூர்ல 1926ல ஆரம்பிச்ச லட்சுமி விலாஸ் பேங்க், 2020 செப்டம்பர் 25 பொதுக்கூட்டத்துல எம்டி உட்பட ஏழு டைரக்டரை ஓட்டுப் போட்டு அனுப்புனாங்க. ரிசர்வ் பேங்க் உடனே மூணு பேரு கமிட்டி போட்டுச்சு. கெட்ட போர்டு போச்சு, இனி நல்லா இருக்கும்னு பேசுனாங்க. நவம்பர் 17 மொரட்டோரியம், 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாது, நவம்பர் 27 டிபிஎஸ் பேங்க்கோட இணைப்பு. டெபாசிட் காசு முழுசா தப்பிச்சுச்சு, ஷேர் வச்சிருந்தவங்களுக்கு பைசா கிடையாது. ராசு, உங்க மூணாவது கேள்விக்கு இதுல பதில் இருக்கு. ஆளு போறது வேற, காசு திரும்புறது வேற. ஆளு போனதும் ஓட்டை அடைஞ்சுராது, அவன் போட்ட ஓட்டை எம்புட்டு பெருசுன்னு அப்பத்தான் வெளிச்சமே அடிக்கும்.

மேலூர்_மைனர்

அம்புட்டு பவர் வச்சுக்கிட்டு கவர்மெண்டு பேங்க்குல மட்டும் ஏன் சும்மா இருக்காய்ங்க? அங்க எத்தனை கோடி போச்சு, ஒருத்தனையாவது தூக்குனாய்ங்களா?

கூடல்நகர்_கேஷியர்

மைனரு, அங்க தூக்க ரிசர்வ் பேங்க்குக்கு உரிமையே இல்லப்பா. தேசியமயமான பேங்க்குக்கு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துல சில பிரிவுதான் பொருந்தும், 36ஏஏ அதுல வராது, டைரக்டரைப் போடுறதும் எடுக்குறதும் டெல்லி. 2018 மார்ச்சுல பஞ்சாப் நேஷனல் பேங்க்குல நீரவ் மோடி மோசடி விவகாரம் கொழுந்து விட்டு எரிஞ்சப்ப அன்னைய கவர்னர் உர்ஜித் படேல் குஜராத்துல ஒரு மேடைல இதைப் பட்டுனு போட்டு ஒடச்சாரு, எங்களால அரசு பேங்க் டைரக்டரை நீக்க முடியாது, இணைக்கச் சொல்ல முடியாது, லைசென்ஸைப் பிடுங்க முடியாதுன்னு. பேங்க் பக்கம் இருந்த எங்களுக்கு அது தெரிஞ்ச கதைதான், ஆனா கவர்னரே மைக்குல சொல்லுவாருன்னு யாரும் நெனைக்கல.

ஆடிட்டு_மாமா

ராசுவோட மச்சான் சொன்ன பம்பாய்க் கதைக்கு நான் வர்றேன். அது அனேகமா நியூ இந்தியா கோஆப்பரேட்டிவ் பேங்க்கா இருக்கணும். 2025 பிப்ரவரி 13 அன்னைக்கு காசே எடுக்க முடியாதுன்னு உத்தரவு, மறுநாள் போர்டைக் கலைச்சு 12 மாசத்துக்கு அட்மினிஸ்ட்ரேட்டர், ஸ்டேட் பேங்க் ரிட்டையர்டு ஆளு. 122 கோடி கையாடல்னு வழக்கு. அதுக்கு முன்னாடி 2019 செப்டம்பர்ல பிஎம்சி பேங்க்கு, மொதல்ல ஆயிரம் ரூபாதான் எடுக்கலாம்னு சொன்னாங்க, சனம் ரோட்டுல உக்காந்து அழுதுச்சு. ஆனா எல்லாமே அப்படி இல்ல. 2023 நவம்பர்ல அபியுதயா கோஆப்பரேட்டிவ் பேங்க் போர்டையும் இதே மாதிரி கலைச்சாங்க, அங்க காசு எடுக்க ஒரு தடையும் போடல, கவுண்டர் வழக்கம் போல நடந்துச்சு. இந்த வித்தியாசம் ரொம்பப் பேருக்குத் தெரியறதில்ல, போர்டு கலைஞ்சுச்சுன்னதும் பாஸ்புக்கைத் தூக்கிட்டு ஓடுறாங்க.

இங்க வேலை செய்யுறது 36ஏஏஏ, ஒரு ஏ கூட. இது தனி ஆளுக்கு இல்ல, மொத்த போர்டுக்கு. முன்னாடி பல மாநிலத்துல நடக்குற கோஆப்பரேட்டிவ் பேங்க்குக்குத்தான் அந்த அதிகாரம் இருந்துச்சு, 2020ல திருத்தம் கொண்டு வந்து மாநிலப் பதிவாளர்கிட்ட பதிவான பேங்க்குக்கும் நீட்டிட்டாங்க, மாநில அரசைக் கலந்துக்கிட்டு செய்யணும். தனியார் பேங்க்குக்கு இதே மாதிரி 36ஏசிஏ, எஸ் பேங்க்குல 2020 மார்ச் 5ல போர்டைக் கலைச்சது அதுலதான்.

நம்ம தமிழ்நாட்டுல கோஆப்பரேட்டிவ்ல இன்னொரு எசமான் இருக்காரு, பதிவாளர். 1983 கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். நான் அந்தத் துறைலதான் காலம் ஓட்டுனேன், 81 விசாரணை, 82 ஆய்வு, 87 சர்சார்ஜ், 88 கலைப்பு, இந்த நாலு நம்பரும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். இதுல என்னைக் கேட்டா 88ஐ விட 87தான் டைரக்டருக்குப் பயம். பதவி போனா அடுத்த தேர்தல்ல சம்சாரத்தை நிறுத்தி திரும்ப வந்துருவாங்க, ஆனா 87ல "இந்த நஷ்டம் உன்னால வந்தது, உன் கையில இருந்து கட்டு"ன்னு ஆர்டர் வந்தா வீடு வாசல் ஜப்தி வரைக்கும் போகும். எத்தனையோ பெரிய மனுசன் துணைப்பதிவாளர் ஆபீஸ் திண்ணைல ஃபைலை வச்சுக்கிட்டு உக்காந்ததைப் பாத்துருக்கேன். இப்ப தேர்தல்ல வந்த நிர்வாகக் குழுக்களுக்கு 2023ல காலம் முடிஞ்சு தனி அலுவலர் கையில போயிருச்சு, அதனால நம்ம பக்கம் டைரக்டரைத் தூக்குறது பேச்சே எழல, தனி அலுவலர் ஒழுங்கா பாக்குறாராங்குறதுதான் பேச்சு.

ஒரு காலத்துல நம்ம மதுரைக்குன்னே ஒரு பேங்க் இருந்துச்சு, 1943ல கருமுத்து தியாகராஜ செட்டியார் ஆரம்பிச்ச பேங்க் ஆஃப் மதுரா, 2001ல ஐசிஐசிஐ எடுத்துக்கிருச்சு. இன்னைக்குப் பயலுகளுக்கு அந்தப் பேரே தெரியாது. சரி அதை விடுங்க, ராசுக்கு வருவோம், உங்க நிதி கோஆப்பரேட்டிவும் இல்ல, பேங்க்கும் இல்ல, மேடம் சொன்ன வழிதான்.

உசிலை_ராசு

எல்லாருக்கும் நன்றிண்ணே. மேடம் சொன்ன மாதிரி வெப்சைட்டுல போட்டுப் பாத்தேன். ரெண்டு வருஷமா கணக்கே ஃபைல் பண்ணல. அந்த ஆளு பேருல இன்னும் நாலஞ்சு கம்பெனி கெடக்கு, அதுல ஒண்ணு மூடுனதா போட்டிருக்கு, அது அந்தப் பழைய ஃபைனான்ஸேதான். மேடம், ரெண்டு வருஷம்னா அந்த 164 விழுகாதுல்ல? இன்னொரு வருஷம் காத்திருக்கணுமா? அதுக்குள்ள என்ன மிச்சம் இருக்கப் போகுது.

இன்னொரு சந்தேகம், கேஷியர் அண்ணன் அஞ்சு வருஷம்னு சொன்னீங்க, அப்ப அஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப வந்து உக்காந்துக்கலாமா? இது என்ன கணக்கு?

அலங்காநல்லூர்_டு_நியூஜெர்சி

நான் இங்க ஒரு பேங்க்குல கம்ப்ளையன்ஸ்ல இருக்கேன், ராசு கேட்டதால சொல்றேன். அமெரிக்காவுல இது ஆயுசுத் தடை. டெபாசிட் இன்சூரன்ஸ் சட்டம் 8(இ)ன்னு சொல்லுவாங்க, தடை விழுந்தா அந்த ஒரு பேங்க் இல்ல, எந்த பேங்க் பக்கமும் தலை வச்சுப் படுக்க முடியாது, ரெகுலேட்டரே மனசு மாறி அனுமதிச்சாத்தான் உண்டு. ஆனா அதைப் போடுறது லேசு இல்ல, மூணு விஷயத்தை நிரூபிக்கணும். தப்பு பண்ணிருக்கணும், அதாவது சட்டமீறல் இல்ல பேங்க்குக்கு ஆபத்தான நடத்தை இல்ல நம்பிக்கைத் துரோகம். அதனால பேங்க்குக்கு நஷ்டமோ டெபாசிட்தாரருக்குப் பாதகமோ இவனுக்கு லாபமோ வந்துருக்கணும். மூணாவதுதான் கஷ்டம், இவன் மனசுல நாணயக்கேடு இருந்துச்சு, இல்லாட்டி பேங்க் பாதுகாப்பைப் பத்தித் தெரிஞ்சேயோ தொடர்ந்தோ அலட்சியமா இருந்தான்னு காட்டணும். சும்மா திறமை இல்லாதவன், முட்டாள்தனமா லோன் குடுத்தான்னா இதுல அடைக்க முடியாது.

அதனால இங்கயும் பாதி கேஸு சமாதானமாத்தான் முடியுது, தப்பை ஒத்துக்கவும் மாட்டேன் மறுக்கவும் மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு தடையை ஏத்துக்கிறது. வெல்ஸ் ஃபார்கோல கஸ்டமருக்குத் தெரியாம லட்சக்கணக்குல அக்கவுண்ட் தொறந்தாங்கல்ல, அந்த சிஇஓ ஜான் ஸ்டம்ப் 2016லயே வேலைய விட்டுப் போயிட்டாரு, ஆனாலும் 2020 ஜனவரில ஆயுசுத் தடையும் 1 கோடியே 75 லட்சம் டாலர் அபராதமும் ஒத்துக்கிட்டாரு. ராஜினாமா பண்ணிட்டு ஓடுனாலும் விடாம பிடிக்கலாம்ங்குறதுதான் இங்க எனக்குப் பிடிச்சது. நம்ம ஊர்ல ராஜினாமா வாங்குனதோட ஃபைல் மூடிருது.

கூடல்நகர்_கேஷியர்

நியூஜெர்சி தம்பி சொன்னதுல ஒண்ணு ஒத்துக்கிறேன், ஒண்ணு ஒத்துக்க மாட்டேன். அஞ்சு வருஷம் கம்மிதான். ஆனா நம்ம 36ஏஏல மனசுல கெட்ட எண்ணம் இருந்துச்சான்னு நிரூபிக்கணும்ங்குற கண்டிஷனே கிடையாது, டெபாசிட்தாரருக்கு ஆகாதுன்னு ரிசர்வ் பேங்க்குக்குத் திருப்தி ஆனாப் போதும். எழுத்துல பாத்தா நம்ம சட்டம்தான் வெட்டரிவாள், எடுத்து வீசுறதுக்குத்தான் கை வர மாட்டேங்குது. ஏன்னு கேட்டா, ஒரு டைரக்டரை நாணயமில்லன்னு பகிரங்கமா நீக்குனா மறுநாள் காலைல ஏடிஎம் வாசல்ல கூட்டம் நிக்கும். அதுக்குப் பயந்துதான் சத்தமில்லாம அனுப்புறாங்க. அது சரியான்னா, முழுசா சரின்னு சொல்ல மாட்டேன், ஏன்னா சத்தமில்லாமப் போனவன் இன்னொரு ஊர்ல இன்னொரு போர்டு மாட்டி உக்காருறான், ராசு சின்னம்மா கதையே அதான.

ராசு, அஞ்சு வருஷம் முடிஞ்சா நாற்காலி தானா கிடைக்காது. திரும்ப பேங்க் டைரக்டராகணும்னா போர்டோட நாமினேஷன் கமிட்டி ஃபிட் அண்ட் ப்ராப்பர் பாக்கணும், அந்த ஆளு டிக்ளரேஷன் எழுதிக் குடுக்கணும், முன்னாடி எந்த ரெகுலேட்டர் நடவடிக்கை எடுத்துச்சுன்னு அதுல கேள்வி இருக்கும். மறைச்சு எழுதுனா அதுவே அடுத்த தலைவலி.

பேங்க் இல்லாத ஃபைனான்ஸ் கம்பெனிக்கு, அதாவது ரிசர்வ் பேங்க்ல பதிவான என்பிஎஃப்சிக்கு, 2019ல இதே அதிகாரம் வந்துருச்சு. டைரக்டரை நீக்க 45-ஐடி, போர்டைக் கலைக்க 45-ஐஇ. திவான் ஹவுஸிங் 2019 நவம்பர், ஸ்ரேய் 2021 அக்டோபர், ரிலையன்ஸ் கேப்பிட்டல் 2021 நவம்பர், மூணுலயும் போர்டைத்தான் கலைச்சாங்க, அப்புறம் திவால் கோர்ட்டுக்குக் கொண்டு போனாங்க. பாருங்க, இங்கயும் தனி ஆளு இல்ல, கூண்டோட கைலாசம்.

சிம்மக்கல்_சிஎஸ்

ராசு, காத்திருக்க வேணாம். 164 விழுகுற வரைக்கும் உக்காந்திருந்தா அவங்களுக்குத்தான் வசதி. ரெண்டு வருஷம் ஃபைல் பண்ணாததே தனிக் குற்றம், அதுக்கே கம்பெனிப் பதிவாளர் நோட்டீஸ் விடலாம், கணக்கைப் பாக்கலாம். பெரிய அளவுல மோசடி, பொதுநலனுக்கு விரோதம்னா மத்திய அரசே கம்பெனி டிரிபியூனலுக்குப் போய் போர்டை மாத்தச் சொல்லலாம், 2018 அக்டோபர் 1ல ஐஎல் அண்ட் எஃப்எஸ்ங்குற பெரிய ஃபைனான்ஸ் கம்பெனி போர்டை அப்படித்தான் மாத்தி உதய் கோட்டக்கைத் தலைவரா போட்டாங்க. உசிலம்பட்டி நிதிக்கு அம்புட்டு தூரம் வருவாங்களான்னா, நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன். ஆனா பதிவாளருக்கும் ரீஜினல் டைரக்டருக்கும் ஒரே மனுவை ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க, ஆன்லைன்லயும் போடுங்க. மனுல அந்த ஆளு குணத்தைப் பத்தி ஒரு வரி கூட வேணாம். ஏஜெண்டு கமிஷன், ஃபைல் பண்ணாத வருஷங்கள், முதிர்வு தேதி தாண்டியும் குடுக்காத டெபாசிட், சொந்தக்காரங்க லோனுக்கு ஏதாச்சும் காகிதம் இருந்தா அது. நிதில லோனு உறுப்பினருக்கு மட்டும்தான், அதுவும் நகை, வீடு நெலம், டெபாசிட் மாதிரி ஈட்டின் பேருலதான் குடுக்கணும், ஒரு ஆளுக்கு இம்புட்டுதான்னு உச்சவரம்பு இருக்கு, மொத்த டெபாசிட் 2 கோடிக்குக் கீழன்னா 2 லட்சம்தான். ஈடில்லாம குடுத்துருந்தா அது நேரா விதிமீறல்.

ஒத்தக்கடை_வக்கீல்

கோர்ட்டு பக்கத்துலயே குடியிருக்கேன், நானும் ரெண்டு வார்த்தை. மேல எல்லாரும் ஆளைத் தூக்குறதைப் பத்தியே பேசுறீங்க. சின்னம்மாவுக்கு வேணுங்குறது காசு. அதுக்குத் தமிழ்நாட்டுல தனிச் சட்டம் இருக்கு, 1997 டெபாசிட்தாரர் நலப் பாதுகாப்புச் சட்டம், டிஎன்பிஐடின்னு சொல்லுவோம். சுப்ரீம் கோர்ட்டும் 2011ல செல்லும்னு சொல்லிருச்சு. முதிர்ந்த டெபாசிட்டைக் குடுக்கல, இல்ல சொன்ன வட்டியைக் குடுக்கலன்னா பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸ்ல புகார், கம்பெனி சொத்து மட்டும் இல்ல டைரக்டர் சொத்தையும் அரசு முடக்கலாம், அதை வித்து டெபாசிட்தாரருக்குப் பிரிச்சுக் குடுக்க மதுரையிலயே ஸ்பெஷல் கோர்ட்டு இருக்கு. தண்டனை 10 வருஷம் வரைக்கும். லேட்டாகும், அதை மறைக்க மாட்டேன், சொத்து ஏலத்துக்கு வர்றதுக்குள்ள தலை நரைச்சுரும் சில கேஸுல. ஆனா அந்த ஆளு சொத்தை மச்சினன் பேருக்கு மாத்துறதுக்கு முன்னாடி முடக்கணும்னா முன்கூட்டியே போறவனுக்குத்தான் லாபம்.

கம்ப்ளெயிண்ட் குடுத்தா கடையைச் சாத்திருவாங்கன்னு சின்னம்மா பயப்படுறது நியாயம். ஆனா வட்டியே குடுக்காதவன் கடை ஏற்கனவே சாத்துன கடைதான், ஷட்டர் மட்டும் தொறந்து கெடக்கு.

இன்னொன்னு, யாரைத் தூக்குறதுன்னாலும் நோட்டீஸ் குடுத்து விளக்கம் கேட்டுத்தான் ஆகணும். மேடம் சொன்ன அந்த 2017 தகுதி நீக்கத்தையே 2018 ஆகஸ்ட்ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டு, வாய்ப்பே குடுக்காமப் பண்ணிட்டீங்கன்னு ரத்து பண்ணுச்சு. அதனால அதிகாரி உடனே ஆர்டர் போடலியேன்னு கோவப்படாதீங்க, அவசரத்துல போட்ட ஆர்டர் கோர்ட்டுல நிக்காது, அந்த ஆளு மாலையோட திரும்ப வருவான்.

மேலூர்_மைனர்

வக்கீலண்ணே மாலையோட வருவான்னு சொன்னதும் எங்க ஊர் ஆளு ஒருத்தன் ஞாபகம் வருது, வேணாம், இங்க எழுதுனா என்னையத் தேடி வருவாய்ங்க.

உசிலை_ராசு

சரிண்ணே, மனு எழுத ஆரம்பிச்சிட்டேன். சின்னம்மாகிட்ட டெபாசிட் ரசீதைக் கேட்டா "போன மாசம் ரினியூவல் பண்ணணும்னு ஏஜெண்டு வந்து வாங்கிட்டுப் போயிட்டான்யா, புதுசு இன்னும் குடுக்கல"ங்குறாக. ஜெராக்ஸும் இல்ல. இப்ப என்ன பண்றது?

ஒத்தக்கடை_வக்கீல்

அடப்பாவிகளா. மனுவை ஒரு நாள் தள்ளி வை. நாளைக்குக் காலைல கம்பெனி தொறந்ததும் சின்னம்மாவைக் கூட்டிக்கிட்டு நீயே நேரா போ, ரினியூவல் வேணாம், ஒரிஜினல் ரசீது வேணும்னு எழுதிக் குடுத்து, அந்த நகல்லயே சீல் போட்டு தேதி போட்டு வாங்கிரு. சீல் போட மாட்டேன்னா அங்கயே நின்னு சண்டை போடாத, அதே கடுதாசியை அன்னைக்கே ஸ்பீடு போஸ்ட்ல டெலிவரி ஆதாரத்தோட அனுப்பு. உறுப்பினர் பாஸ்புக், வட்டி வரவு வச்ச பேங்க் ஸ்டேட்மெண்டு, ஏஜெண்டு வாட்ஸ்அப்ல அனுப்புன மெசேஜு எல்லாத்தையும் எடுத்து வச்சுக்க, ரசீது இல்லேன்னாலும் அதை வச்சே புகார் நிக்கும். முக்கியமா சின்னம்மா எந்த வெள்ளைப் பேப்பர்லயும், டெபாசிட்டை ஷேரா மாத்திக்கிறேன்னு எந்த ஃபாரத்துலயும் கையெழுத்துப் போடக் கூடாது, ரேகையும் வைக்கக் கூடாது. போயிட்டு வந்து எழுது.

உசிலை_ராசு

சரிண்ணே, நாளைக்கு வெள்ளனே கெளம்புறோம்.

சிம்மக்கல்_சிஎஸ்

போறப்ப உறுப்பினர் நம்பர் எழுதுன அட்டையையும் எடுத்துக்கங்க தம்பி, அது இல்லாம போனா "நீங்க மெம்பரே இல்ல"ன்னு ஆரம்பிப்பாங்க.